பூஜ்யம்

எண்ணூர் விரைவுச்சாலையில் பெட்ரோல் பங்கின் பின்சுவரோரம்
சக்கரம் கழற்றிய ஆம்னி வேன்தான் என் ஆபீஸ்.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி,
சைலன்சருக்குள் செருக ஒரு கம்பி.
பன்னிரண்டு வருஷமாய் வண்டிகளின் மூச்சை முகர்கிறேன்.
“மூச்சா அது?” என்று
கன்டெய்னர் லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.
சான்றிதழின் அடியில் பொடி எழுத்தில் என் பெயர்:
ஆ. ரெபேக்காள், சோதனையாளர்.

நேற்று சாயங்காலம் ஒரு வெள்ளைக் கார்
சத்தமே இல்லாமல் வந்து நின்றது.
நிமிர்ந்தபோது பம்பர் என் முழங்காலருகே.
“இதுக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க மேடம்.”
“பேட்டரி வண்டிக்குத் தேவையில்ல சார்.”
“தெரியும். எங்க ஃபிளாட் நோட்டீஸ் போர்டுல மாட்டணும்.
பூஜ்யம்னு போட்டு.”

பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன்.
குழாய் இருக்க வேண்டிய இடத்தில்
துடைத்துவைத்த தகடு.
தாலியோடு வந்து
கழுத்தைத் தேடுகிறவன் மாதிரி
கம்பியும் கையுமாய் நின்றேன்.

இதன் குழாய் எங்கே?
சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டு மனசு நடந்தது.
டிரான்ஸ்ஃபார்மர். கோபுரம். மறு கோபுரம்.
கழிமுகத்தின் மேல் தொய்ந்து போகும் கம்பிகள்.
அத்திப்பட்டில் நிற்கிறது குழாய்,
சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்டு
வானத்துக்குள் செருகி.
என் கம்பி ஒன்றரை மீட்டர்.

அதன் காலடியில் பைப் கசிந்து
சாம்பல் கூழாய் ஆற்றில் இறங்குகிறது.
மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து
கையால் இறால் தடவுகிறாள் தேசம்மாள்.
சேறு என்று விரல் விட்டால் சாம்பல்.
இறால் என்று பிடித்தால் அதுவும் சாம்பல்.
ஒரே ஒரு தடவைதான் அவள்
நாலு சக்கரத்தில் ஏறியிருக்கிறாள்,
நூற்றியெட்டில்.

“பாத்தியாக்கா, நம்ம டீசலே தேவல”
என்றான் லாரியிலிருந்து தலை நீட்டிய முனுசாமி.
அடப்போ.
சாவி திருகின பிறகுதான்
உன் வண்டிக்கு என் கணக்கு தொடங்குகிறது.
அதற்கு முன்னால் மணலியில் ராவெல்லாம் எரியும் தீயை
எந்தக் கட்டத்தில் எழுதுவேன்?
துறைமுகத்து மைதானத்தில் ஒரு கிலோமீட்டரும் ஓடாமல்
ஆயிரம் புதுக் கார்கள் பாலித்தீன் போர்த்தி
கப்பலுக்குக் காத்திருக்கின்றன.
அவற்றின் இரும்பு உருகியபோது
யார் கம்பி பிடித்தார்கள்?
டயர் தேய்கிறது, தேய்கிறது என்கிறீர்களே,
தேய்ந்தது எங்கே போகிறது?
தினம் திரையைத் துடைக்கும்
என் துணியிடம் கேளுங்கள்.

ஒன்று சொல்லவில்லை.
காலையில் ஆன் பண்ணியதும்
மெஷின் முதலில் சும்மா மூச்சிழுக்கும்.
ஜீரோ செட்டிங் என்பார்கள்.
வேனைச் சுற்றி இருக்கும் காற்றை ஒரு இழு இழுத்து
இதுதான் ஒன்றுமில்லாதது என்று
மனசில் வைத்துக்கொள்ளும்.
அதற்கு மேலேதான் எல்லார் வண்டிக்கும் எண்.
மேல்காற்று திரும்பும் நாளில்
அந்தப் பூஜ்யத்துக்கே தொண்டை கரகரக்கும்.
என் மகள் பிறந்ததிலிருந்து இழுப்பதும்
அதே பூஜ்யத்தைத்தான்.
அவளுக்கு ஏழு வயசு, பையில் இன்ஹேலர்.

கார்க்காரர் கடிகாரம் பார்த்தார்.
கம்பியை வெறும் காற்றில் நீட்டிப்
பட்டனை அமுக்கினேன்.
தாள் வந்தது:
சைபர், புள்ளி, சைபர், சைபர்.

“இது உங்க வண்டியோடது இல்ல சார்.
இந்த எடத்தோடது.”

கேட்டாரோ இல்லையோ,
எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்து
தாளை மடங்காமல் கண்ணாடியோரம் வைத்தார்.
நூறு ரூபாய் நீட்டினார். மீதி கேட்கவில்லை.

புகையே இல்லை, உண்மைதான்.
சத்தமில்லாமல் திரும்பிப் போன சக்கரங்கள்
எழுப்பிய புழுதி மட்டும்
இப்போதுதான் துடைத்த திரையில்
வந்து உட்கார்ந்தது.